கறுப்பு உடைக் கல்யாணம்

பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். போன மாதம் ஒருவர், எல்லோரும் தங்களுக்குப் பிடித்த தொடரையும் அதில் மறக்க முடியாத ஒரு காட்சியையும் எழுதும்படி கேட்டிருந்தார். மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் நடக்கும் பழைய குடும்பத் தொடரின் பெயரை எழுதி, ‘அதில் வரும் கறுப்பு உடைக் கல்யாணம்’ என்று சேர்த்தேன். இங்கிலாந்திலிருந்து ஒருவர் மிகுந்த மரியாதையோடு பதில் போட்டார். அந்தத் தொடரைப் பலமுறை பார்த்தவராம். அதில் கல்யாணமே கிடையாதாம்.

அவர் சொல்வது சரிதான். தெரிந்தேதான் எழுதினேன். ஏனென்றால் அந்தக் கல்யாணத்தை நான் பார்த்திருக்கிறேன். ரங்கூனில், லத்தா பேட்டையில், எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியப்பாவுக்கு இந்தத் தொடர்கள் மீது பித்து. அதில் அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாய். இன்னொருவர் மேல் மாடியில் குடியிருந்த பர்மியப் பெண்மணி. பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவர். பர்மியில் ஆசிரியையைச் சயாமா என்பார்கள், எங்களுக்கும் அவர் சயாமாதான். பாயின் தொடரில் இரண்டு தபால்காரர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். சயாமாவின் தொடரில் ஓர் இன்ஸ்பெக்டர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடிப்பார். பெரியப்பாவினுடையது மீனவர் தொடர். முறை வைத்து வாரம் ஒருவர் தன் தொடரின் விசிடித் தட்டைக் கொண்டுவருவார்.

இதற்குச் சட்டங்கள் இருந்தன. தட்டைக் கொண்டுவருகிறவர்தான், ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கும் அத்தைக்கும் அரைகுறையாகத் தெரிந்த எனக்கும், கதையை உடனுக்குடன் சொல்ல வேண்டும்; பெரியப்பாவும் பாயும் தமிழில், சயாமா பர்மியில். யாரும், கொண்டுவருகிறவர்கூட, முன்னதாகப் பார்த்துவிட்டு வரக் கூடாது. தவறாகச் சொன்னால் சயாமா திருத்துவார். எங்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசுவது மட்டும் பர்மியில். ஒருமுறை பெரியப்பா கொழுந்தியாளைத் தங்கை என்று சொல்லிவிட்டார். தட்டை நிறுத்தச் சொல்லி, அவரைத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டுத்தான் சயாமா விட்டார்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். மழைக்காலம் தொடங்குமுன் போனவர். மழை முடிந்த பிறகும் அவரிடமிருந்து சேதி இல்லை. ஆளெடுத்து அனுப்பிய ஏஜென்டுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாமா கூப்பிட்டால் பாய் கடைப் போனில்தான் கூப்பிட வேண்டும்; பாய் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் மனைவி அந்தப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அத்தை எங்களோடு வந்து தங்கியிருந்தாள். சோற்றைத் தொட்டுவிட்டு எழுந்துபோவாள். ஞாயிறு மதியம் மட்டும் அறையை விட்டு வெளியே வந்து உட்காருவாள். மீனவர் தொடரை நிறுத்திவிட்டு வேறு எதையாவது போடலாமே என்று அம்மா சொன்னபோது, அத்தைதான் சம்மதிக்கவில்லை.

“பாதியில விட்டா எப்படி அண்ணி? அந்தப் பய என்ன ஆனான்னு தெரிய வேணாமா?”

அந்தப் பய என்பது கதையில் வரும் வீட்டின் கடைக்குட்டி. முந்தைய பகுதியில், புயல் வரும் என்று தெரிந்தும் தனியாகப் படகெடுத்துப் போயிருந்தான்.

அந்த ஞாயிறு, தட்டு ஓடத் தொடங்கியதும் புயலும் இல்லை, படகும் இல்லை. மாதாகோயில் மணி அடித்தது. தொடரில் வரும் அத்தனை பேரும் கறுப்பு உடையில் வரிசையாக உள்ளே போனார்கள். சவப்பெட்டி இல்லை, உடல் கிடைத்தால்தானே பெட்டி. ஆனால் அந்தக் கணக்கைப் போடும் வயதில்லை எனக்கு. பெரியப்பா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். எல்லா ஞாயிறும் பாதிப் படத்தில் போய்விடும் கரண்ட், அன்றைக்குப் பார்த்துப் போகவே இல்லை.

“என்னண்ணே, பேசாம இருக்கீங்க?” என்றாள் அத்தை.

“கல்யாணம்” என்றார் பெரியப்பா.

தின்பதற்கென்று ஊறவைத்த லபெட் தேயிலையில் வறுத்த பயறைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

எனக்கு அந்த வயதிலேயே எதையும் வரிசைப்படுத்திக் கேட்கும் பழக்கம் உண்டு. “கல்யாணத்துக்கு யாராச்சும் கறுப்பு போடுவாங்களா?”

“குளிர் ஊரும்மா. கறுப்புதான் வெதுவெதுன்னு இருக்கும்.”

“பொண்ணு எங்க?”

“உள்ள அலங்காரம் நடக்குது.”

“அப்ப எதுக்கு எல்லாரும் அழறாங்க?”

பாய் குறுக்கே வந்தார். “கல்யாணத்துல அழமாட்டாங்களா? எங்க வீட்டுக்காரி நிக்காஹ் அன்னிக்கு அழ ஆரம்பிச்சவ, இன்னும் நிறுத்தல.”

நான் விடவில்லை. திரையில் பாதிரியார் கடல் என்று சொன்னது என் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கே எட்டியிருந்தது. கல்யாணத்தில் கடல் எங்கே வந்தது? பெரியப்பாவை நம்பாமல் சயாமாவின் பக்கம் திரும்பினேன். பெரியப்பாவும் பாயும் அவரைப் பார்த்தார்கள். பாவம் பெரியப்பா, மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

சயாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இடுப்பில் உடுத்தியிருந்த லோஞ்சியின் ஓரத்தில் துடைத்தார். மெதுவாகத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“மகளே, கடலோரத்துக்காரங்க கல்யாணம்னா முதல்ல கடலைக் கும்பிட்டுத்தான் தொடங்குவாங்க” என்றார் பர்மியில். “உன் பெரியப்பா இன்னைக்குத்தான் ஒரு தப்புகூட இல்லாம சொல்றார்.”

சயாமாவே சொன்ன பிறகு மேல்முறையீடு கிடையாது. நான் அடங்கினேன். ஆனால் அத்தை அடங்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“மாப்பிள்ளை எங்கண்ணே?”

திரையில் எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள். மேசை மேல் அந்தப் பையனின் புகைப்படம் இருந்தது. அவன் தாய் அதை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள். பெரியப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பாய் கதவுப் பக்கம் பார்த்தார்.

இவர்களுக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு வியப்பாக இருந்தது. நான் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினேன்.

“போட்டோவுல மாலை இல்ல பாருங்க. விளக்கும் ஏத்தல. செத்துப்போயிருந்தா மாலை போட்டிருப்பாங்கல்ல? உயிரோடதான் இருக்காரு. வர்றதுக்கு லேட்டாகுது, அவ்வளவுதான்.”

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, “ஆமா. அதேதான்” என்றார்.

“படகு எஞ்சின் கோளாறு, தங்கச்சி” என்று பாய் பிடித்துக்கொண்டார். “எங்கயோ கரையில ஒதுங்கி ரிப்பேர் பாக்குறாங்க. சாமான் வந்து சேரணும்ல. இதெல்லாம் ஒரு நாள்ல நடக்குற காரியமா?”

“மாப்பிள்ளை இல்லாமலே கல்யாணத்தை ஆரம்பிச்சிட்டாங்களா?” என்றாள் அத்தை.

“மண்டபத்துக்குப் பணம் கட்டிட்டாங்களே” என்றார் பெரியப்பா.

அத்தை சிரித்தாள். பல மாதங்களாக நான் கேட்காத சிரிப்பு. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்; கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

“ஏன் அத்தை அழறீங்க?”

“கல்யாணமாச்சே” என்று என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டி அம்மாவின் தட்டிலிருந்து ஒரு கை லபெட்டை அள்ளி வாயில் போட்டாள். இன்னொரு கை அள்ளினாள். அம்மா எழுந்து உள்ளே போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள்.

மாமாவின் குரல் பாய் கடைப் போனில் வந்தது அதற்குப் பல வாரங்கள் கழித்து. முதலாளிகளுக்குள் வழக்காகி, கப்பலை ஏதோ ஒரு துறைமுகத்தில் பிடித்து வைத்திருந்தார்களாம். பாயின் மனைவி தெருவில் நின்று எங்கள் மாடியைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் எதிர் வரிசைக்காரர்களெல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். மாமா வந்து சேர்ந்தார். இப்போது ரங்கூனை ஒட்டிய மிங்கலாடோனில் இருக்கிறார்கள், இரண்டு பிள்ளைகளோடு.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தப் போன் இல்லை. கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு. எந்தச் சேதியும் வந்திருக்கவில்லை. அன்றைக்குப் பாயின் முறை. யாரும் கூப்பிடாமலே அத்தை தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தபால்காரர்கள் சண்டையை ஆரம்பித்தார்கள். பாய் நகைச்சுவையைச் சொல்வதற்கு முன்பே தான் சிரித்தார். பெரியப்பா, அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றார். சயாமா இருவரையும் அதட்டினார். அத்தை அந்த மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரைப் பக்கமே திரும்பவில்லை. நல்ல நல்ல காட்சிகளெல்லாம் வீணாகப் போயின. எனக்குப் பொறுக்கவில்லை.

“அத்தை, டிவி இந்தப் பக்கம் இருக்கு” என்று அவள் தோளைப் பிடித்து முக்காலியோடு திருப்பி வைத்தேன்.

“சரிம்மா” என்றாள். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து பார்த்தபோது, பழையபடி அவர்கள் பக்கமே திரும்பியிருந்தாள்.