கையில் போடுகிற ஊசி

என் வீட்டுக்காரருக்கு ஊசியென்றால் பயம் கிடையாது. ஒருமுறை ஓவர்லாக் தையல் மெஷின் ஊசி அவர் விரலைத் துளைத்து மறுபக்கம் வந்துவிட்டது. மெஷினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே ஏற்றி விரலை எடுத்தார். குழாயடியில் போய்க் கழுவிவிட்டு வந்து, அன்றைக்குப் போட்டிருந்த டார்கெட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். திருப்பூர்ப் பக்கத்துப் பெருமாநல்லூரில் அவரோடு வேலை பார்த்தவர்கள் ரொம்ப நாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர் நாய் கடித்ததை என்னிடம் மறைப்பார் என்று நான் நினைக்கவேயில்லை.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாங்கள் திருப்பூருக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் ஒரு பனியன் கம்பெனியில் தையல், நான் வேறொரு கம்பெனியில் தைத்த துணியைப் பார்த்துத் தரம் பிரிக்கிற செக்கிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கப் போனவர், லுங்கி கிழிந்து வந்தார். கேட்டதற்கு, "கறிக்கட பெஞ்சுல ஆணி நீட்டிக்கிட்டு நின்னுச்சு, கிழிச்சிட்டு" என்றார். நானும் விட்டுவிட்டேன். மத்தியானம் துணி ஊறவைக்கும்போதுதான் கிழிசலைச் சுற்றி ரத்தம் காய்ந்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே வந்தால் அவர் பாயில் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கெண்டைக்காலில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். பல் பதிந்த இரண்டு குழி, பக்கத்தில் சதை கிழிந்த காயம்.

எழுப்பிக் கேட்டதும் ஒப்புக்கொண்டார். தெருநாய்தான். கறிப் பையைப் பிடித்து இழுத்திருக்கிறது, இவர் உதைத்திருக்கிறார், அது திரும்பிக் கடித்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றேன்.

"நான் வரமாட்டேன். தொப்புளச் சுத்தி பதினாலு ஊசி. நீ பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன்."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. சின்ன வயதில் அவருடைய அண்ணனை நாய் கடித்திருக்கிறது. தினமும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வயிற்றில் ஊசி போட்டிருக்கிறார்கள். நான்கைந்து நாளிலேயே வயிறு கட்டிகட்டியாக வீங்கி, கால்சட்டையை இடுப்பில் நிறுத்த முடியாமல் போய்விட்டதாம். ஊசி போடும்போது காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மாமனார் ஒரு காலைப் பிடிக்க, இன்னொரு காலை என் வீட்டுக்காரர் பிடித்திருக்கிறார். அப்போது அவருக்கு ஆறு வயதோ ஏழு வயதோ.

"எங்கண்ணன் என்னப் பாத்து, விட்ருடா, விட்ருடான்னு கத்துவான். எங்கப்பா, விடாம பிடிலேன்னு சொல்லுவாக. நான் கண்ண மூடிக்கிட்டுப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன்."

ஆனால் வெறிநாய் கடித்து, தண்ணீர்ச் சொம்பைக் கண்டாலே நடுங்கிச் செத்துப்போன ஒருத்தரைப் பற்றி என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பயம்.

முன் வீட்டில் இருந்த, எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா?" என்பதுதான். இல்லை என்றதும் துணி சோப்பைக் கையில் கொடுத்து, "மொதல்ல கொழாயத் தொறந்து உட்டுக் கழுவி உடுங்க கண்ணு. அப்பறம் பேசிக்கலாம். ஊசி போடாம மட்டும் இருந்தறாதீங்க" என்றார். கழுவுவதற்கு என் வீட்டுக்காரர் மறுப்பு சொல்லவில்லை. காலை நீட்டிக்கொண்டு குழாயடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும்.

திங்கட்கிழமை விடிந்ததும் நான் எழுவதற்குள் கம்பெனிக்குப் போய்விட்டார். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்ப்பதாக, பக்கத்து வீட்டுக்காரர் மூலம் சொல்லி அனுப்பினார். என்னிடமிருந்து தப்பிக்கத்தான் என்று புரிந்தது. நான் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கெஞ்சிக் கேட்டால் அந்த ஊசிகளைக் கொஞ்சம் குறைத்துப் போடுவார்களா என்று கேட்பதுதான் என் எண்ணம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஊசி அறையில் இருந்த நர்ஸம்மா என்னை விடப் பெரியவர். நான் தயங்கித் தயங்கித் தொப்புள் என்று ஆரம்பித்ததுமே கையை ஆட்டினார்.

"அதெல்லாம் எப்பவோ நின்னு போச்சுங்க. இப்பக் கையிலதான். ரெண்டு கையிலயும் தோலுக்கடியில சின்னதா ஒண்ணொண்ணு. இன்னிக்கு ஆரம்பிச்சா ஒரு மாசத்துக்குள்ள நாலு தடவ வந்தாப் போதும். ஆளக் கூட்டிட்டு வாங்க மொதல்ல. நீங்க மட்டும் வந்து என்னங்க பண்றது?"

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அந்த ஊரில் எத்தனை பேர் வந்து ஊசி போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்! யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை. பனியன் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தால் அந்த வாரமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மருந்து மாறியது மட்டும் தெரியாமலே இருந்திருக்கிறது.

நேராக அவர் கம்பெனி வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்தவரிடம் சொன்னால் நம்பவில்லை.

"நீ என்னய எப்படியாவது உள்ள கொண்டு தள்ளப் பாக்க. அங்க போனதும் நாலு பேரு பிடிச்சிக்கிடுவாக."

"ஏங்க, நான் உங்களுக்குப் பொய் சொல்லுவனா?"

"இதுக்குச் சொல்லுவ" என்றார்.

அது உண்மைதான். அவர் உயிருக்காக எந்தப் பொய்யும் சொல்லியிருப்பேன். அதனால் வேறு மாதிரிக் கேட்டேன். "நாளைக்கி வந்து அந்த பெஞ்சுல சும்மா உக்காந்து பாருங்க. ஒருத்தராவது வயித்துச் சட்டயத் தூக்குனா, ஒரு வார்த்த பேசாமத் திரும்பி வந்திருவோம். சரியா?"

"பாக்க மட்டுந்தான் வருவேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். ஊசி அறைக்குக் கதவு திறந்தே கிடந்தது. எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு பெல்ட் போட்டிருந்தார், வழக்கமாக அப்படிப் போடுகிறவர் இல்லை. இரண்டு கையையும் வயிற்றுக்கு மேல் கட்டிக்கொண்டார். முதலில் ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார், வந்தார். பிறகு பள்ளிக்கூட யூனிபார்ம் போட்ட ஒரு பெண் குழந்தை. அது வெளியே வந்ததும் அதன் அப்பாவிடம் என் வீட்டுக்காரர் குனிந்து கேட்டார்.

"அண்ணாச்சி, வயித்துலயும் போட்டாகளா?"

அவர் கேள்வி விளங்காமல் விழித்தார். "இல்லீங்களே. கையிலதானுங்க. பாப்பா அழுகவே இல்லீங்க."

இவர் எழுந்து, என்னைப் பார்க்காமலே டாக்டர் அறைப் பக்கம் நடந்தார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். காயத்தைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை கடிச்சதுக்கு இன்னிக்கு வர்றீங்களே, ஏனுங்க?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாரென்று நினைத்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு இவரைப் பார்த்தார்.

"நான் படிச்சு வர்றதுக்குள்ளயே அந்த ஊசி போயிருச்சுங்க. வயித்துல போட்டு நான் பாத்ததே இல்ல. புஸ்தகத்துல படிச்சதுதான்."

"நீங்க பாத்ததே இல்லியா?" என்றார் இவர்.

"இல்லீங்க. உங்க அண்ணனுக்கு எத்தன நாள் போட்டாங்க?"

இவர் சொன்னார். என்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பு அந்த மருந்தை ஆட்டின் மூளையிலிருந்து எடுத்தார்கள், அதனால்தான் அவ்வளவு வேண்டியிருந்தது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாமலும் போனது. இப்போது ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்து அதிலிருந்து செய்கிறார்கள், சுத்தமானது, கொஞ்சம் போட்டாலே போதும் என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார். "ஆட்டு மூளையா?" என்று இவர் முகத்தைச் சுளித்தார். நாய் கடித்ததிலிருந்து அவர் முகத்தில் பயத்தைத் தவிர வேறோர் உணர்ச்சியை நான் பார்த்தது அப்போதுதான். நான் நூறு முறை சொன்னதை விட, அந்த டாக்டர் பார்த்ததே இல்லை என்று சொன்னதுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன்.

காயம் ஆழமாக இருந்ததால் கை ஊசி மட்டும் போதாது என்றார்கள். சோதனை ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, காயத்தைச் சுற்றிக் காலிலேயே இன்னொரு மருந்தைக் குத்திக் குத்தி ஏற்றினார்கள். அது நிஜமாகவே வலிக்கிற ஊசி. நர்ஸம்மா, "பொறுத்துக்குங்க சாமி" என்றார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "காலுதான, போடுங்க" என்றார். யாரும் அவரைப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஊருக்கு போன் போட்டு அண்ணனிடம் பேசினார். கையில்தான் போடுகிறார்கள், நாலு தடவைதான் என்றார். அந்தப் பக்கம் அண்ணன் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "வயித்துல ஒண்ணுமே இல்லியாடா?" ஒன்றுமே இல்லை என்றார் இவர். "நான் ஒங்கால அன்னிக்குப் பிடிச்சிருக்கக் கூடாதுண்ணே" என்றும் சொன்னார். அண்ணன் சிரித்தார். "பிடிக்காட்டி நான் இன்னிக்கு இருந்திருக்க மாட்டேம்ல" என்றவர், உடனே மழை பெய்ததா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மற்ற மூன்று முறையும் அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் இறங்கிப் போட்டுக்கொண்டு போனார். கடைசி ஊசிக்கு மறுவாரம் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் ஒருநாள் லீவு விட்டார்கள். திருப்பூருக்கு வந்ததிலிருந்து எங்குமே போனதில்லை என்று அமராவதி அணைக்குக் கிளம்பினோம். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி, அமராவதி நகரில் இறங்கி நடந்தோம். அணைக்குப் பக்கத்தில் முதலைப் பண்ணை இருந்தது. முதலைகள் சேற்று நிறத்தில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தன. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அங்கிருந்த காவலாளியிடம், "இது கடிச்சா எங்க ஊசி போடுவாக?" என்று கேட்டார்.

"போடறதுக்கு எடம் மிச்சம் இருந்தாத்தானுங்களே" என்றார் அவர்.

இவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் பஸ் பிடித்தோம்.