வேப்பிலை கட்டிய ரிக்‌ஷா

வடிவேலுவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் கண்டதில்லை. மயிலாப்பூர் லஸ் முனையில் என் பக்கத்தில் பத்து வருஷம் ரிக்‌ஷா இழுத்தவன். நான் நீட்டும் பீடியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவான், படுபாவி!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் போலீஸ்காரர்களின் அடி பொறுக்காமல் வேலைநிறுத்தம் செய்தோம். எங்கள் சங்கம் ஒரே ஒரு விலக்குக் கொடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியை மட்டும் ஏற்றலாம். அடையாளமாக வண்டியில் வேப்பிலை கட்ட வேண்டும். மறித்துப் பார்க்கும் வேலை வடிவேலுவுக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

இரண்டே நாளில் மயிலாப்பூருக்கே சீக்கு வந்துவிட்டது. கச்சேரிக்குப் போகிற மாமி முக்காடு போட்டு முனகினாள். வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டான் வடிவேலு.

நான் மட்டும் யோக்கியனா? மூன்றாம் நாள் வேப்பிலை கட்டி, பெண் பார்க்கப் போன ஒரு மாப்பிள்ளையைத் தியாகராய நகரில் விட்டேன். திரும்பும்போது அவனிடம் மாட்டிக்கொண்டேன். சங்கத்தில் சொல்லாமல் விட்டான். "இனிமே நீ நெஜமான சீக்காளிய இட்டாந்தாலும் நம்பமாட்டேன் நைனா" என்றான்.

மறுநாளே சாந்தோம் சர்ச் பள்ளிக்கூடத்து ஹென்றி வாத்தியாருக்கு மார்வலி. கோட்டுப் போட்டு, தலை வாரி, வேப்பிலை கட்டிய என் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் மானஸ்தர்.

"வேதக்காரருக்கு வேப்பிலையா? இன்னா சார், பரீட்சைக்குப் போறியா?" வடிவேலு குறுக்கே நின்றான்.

"நெஞ்சு வலிடா, வுடு!" என்று கத்தினேன்.

"நீ சொல்றியா?" என்று சிரித்தான்.

பனைமரத்தடியில் பால் குடித்த கதைதான். சண்டை வேண்டாமென்று வாத்தியார் இறங்கினார். "நடந்தே போறேன்பா" என்றார். நாற்பதடி போயிருப்பார், விழுந்தார். வடிவேலுதான் முதலில் ஓடினான். தூக்கி என் வண்டியில் போட்டு, ராயப்பேட்டை ஆஸ்பத்திரிவரை அவனே இழுத்தான். பிரயோசனமில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், அவர் மனைவி மர்சலின் சங்கக் கூட்டத்துக்கே வந்துவிட்டார். "அவரை இறக்கி விட்டது யாரு?"

"நான்தாம்மா." வடிவேலு எழுந்தான்.

"ஒரு நாளும் பொய் சொல்லாத மனுஷன். ஏன்டா நம்பல?"

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் குனிந்து என் துண்டை உதறி மடித்தேன்.

"என் புத்தி அப்படிம்மா" என்றான்.

நீ விளங்கமாட்டாய், உன் பிள்ளைகுட்டி விளங்காது என்று அந்த அம்மா அழுதுகொண்டே சபித்தார். அவன் கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றான். நான் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.