மேட்டின் மேல் போட்ட பழி

கண்டியில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. சில மாதங்களாகக் கடையிலிருந்து வரும் என் கணவர் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். "மேடு ஏறினா யாருக்குத்தான் மூச்சு வாங்காது?" என்பார். நானும் நம்பினேன். ஒருமுறை டாக்டரிடம் காட்டியபோது எடுத்த ஈசிஜி சரியாக இருந்ததால், இதயத்தைத் திரையில் பார்க்க அவர் எடுக்கச் சொன்ன எக்கோ ஸ்கேனைத் தட்டிக்கழித்தார்.

ஒருநாள் வாவிக்கரையில் நடந்தபோதும் நின்றார். அங்கே மேடே இல்லை. மறுநாளே ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன்.

திரையில் அவர் இதயம் துடித்தது. "கீழ ஓடுற கோடு இதயத்தோட கரண்ட். அது ஒழுங்கா வருது. ஆனா இந்தப் பக்கத்துச் சுவர் சரியா அசையல்ல," என்று டாக்டர் காட்டினார். அடுத்த பரிசோதனையில், இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்று தெரிந்தது. நல்லவேளை, நேரத்தோடு வைத்தியம் கிடைத்தது.

இப்போது எங்கள் பாதையில் யாராவது மூச்சு வாங்க நின்றால், "போன வருஷமும் இந்த மேடு இதே உயரந்தானே?" என்று கேட்டுவிடுகிறேன்.