மைக்கக்காவைத் திட்டிய பொம்பளை

என் நாத்தனாருக்கு இரண்டு குரல். ஒன்று, எங்கள் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் பன்னிரண்டு வருடமாக வந்துகொண்டிருப்பது. அதைக் கேட்டால் பஸ்ஸைத் தவறவிட்டவனுக்குக்கூட, போனால் போகிறது, அடுத்ததில் போகலாம் என்று தோன்றும். நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கக்காதான். இன்னொரு குரலைத் தனக்கென்று மட்டும் வைத்திருந்தாள். அது கரகரவென்று மூக்கால் வரும். டீ சிந்தினால், “கையா இது, கட்டையா?” சாவியை மறந்தால், “மண்டைக்குள்ள என்னத்தடி வெச்சிருக்க?” நானும் வாய் நீளமானவள்தான். ஆனால் எதிரியைக்கூட அப்படித் திட்டியதில்லை. ஏன் இப்படி என்று கேட்டால், எப்படியும் யாராவது திட்டத்தான் போகிறார்கள், நானே முந்திக்கொண்டால் வலிக்காது அண்ணி என்பாள்.

அவளுடைய அறிவிப்பு அறைக்கும் நான் பார்க்கும் லக்கேஜ் அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அதனால் அந்த இரண்டாவது குரலுக்கு முழுநேர நேயர் நான் ஒருத்திதான்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பேருந்து நிலையங்களுக்கும் சேர்த்து ஒரே குரலைப் பதிவுசெய்யப் போகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் தேர்வுக்கு வரலாம். நாத்தனாருக்கு ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை. விண்ணப்பத்தை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தாள். நான்காவதை அவள் கிழிப்பதற்குள் நானே பிடுங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டேன்.

தேர்வு மாலை மூன்று மணிக்கு, மாடியில் மேலாளர் அறையில். அன்று காலையிலேயே வினை வந்தது. ஐந்தாம் நடைமேடையில் நின்ற பஸ்ஸை மூன்றாம் நடைமேடை என்று சொல்லிவிட்டாள். பெட்டியும் பையும் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் மூன்றுக்கு ஓடி, மறுபடி ஐந்துக்கு ஓடியது. உடனே திருத்திச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, பொத்தானை அழுத்தினாள். எங்கள் மைக்கின் பொத்தானை அழுத்தினால் மட்டும் போதாது. ரப்பர் ஸ்டாம்பின் பிடியால் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அணையும். பதற்றத்தில் அன்றைக்குத் தட்ட மறந்துவிட்டாள்.

நான் ஒரு டிரங்குப் பெட்டிக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தும் தலைக்கு மேலிருந்தும் ஒரே நேரத்தில் அந்த இரண்டாவது குரல் வந்தது.

“அஞ்சுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். உனக்கு டெஸ்ட் ஒரு கேடு. இந்த பஸ் ஸ்டாண்டைக் கெடுத்தது பத்தாதா, எல்லா பஸ் ஸ்டாண்டையும் கெடுக்கணுமா? மாடிக்குப் போயி, நான் வரலைன்னு சொல்லிட்டு வாடி.”

நிலையமே அசையாமல் நின்றது. கண்டக்டர்கள் வாயில் வைத்த விசிலை ஊத மறந்தார்கள். நான் ஓடிப்போய் ஸ்டாம்பை எடுத்துப் பொத்தானின் மண்டையில் ஒரு போடு போட்டேன். விஷயம் புரிந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தால், வாசலில் ஒரு படை நிற்கிறது. கேட்டது இரண்டு குரல், வெளியே வந்தது இரண்டு பேர், அதில் ஒருத்தி அழுகிறாள். மிச்சமிருந்தது நான்தான்.

முன்னால் நின்ற குடைக்கார அம்மா, நீ யார் என்று என்னைக் கேட்டார். இவளுடைய அண்ணி என்றேன். அவ்வளவுதான், கூட்டத்துக்கு எல்லாமே விளங்கிவிட்டது. நாலைந்து பேர் அப்படிச் சொல்லு என்பதுபோல் தலையாட்டினார்கள். உண்மையைச் சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் இவள் மானம் போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் கொடுமைக்கார அண்ணியாகப் பேர் வாங்கியபோது மணி பதினொன்று பத்து.

குடைக்கார அம்மா புகார்ப் புத்தகம் கேட்டார். அது இருப்பது நாத்தனார் மேசையில். பயணி சொல்லச் சொல்ல எழுதுவதும், எழுதியதைச் சத்தமாகப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவதும் அவள் வேலைதான். எழுதினாள். பழக்கதோஷம், ஒலிபெருக்கிக் குரலிலேயே படித்தாள்.

“தவறு நடந்தது ஒரு முறை. இந்தப் பெண் அதை உடனே திருத்தினாள், மன்னிப்பும் கேட்டாள். எனக்குப் பார்வை குறைவு. பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது. ஒன்பது வருடமாக இவள் குரலை நம்பித்தான் தனியாகப் பயணம் செய்கிறேன். இப்படிப்பட்டவளை ஜென்மம் என்று திட்டியவர் இனி இவள் பக்கத்தில் வரக் கூடாது.”

‘இப்படிப்பட்டவளை’ என்ற இடத்தில் அவள் குரல் தடுக்கியது. இன்னும் ஒரு கட்டம்தான் பாக்கி, யார் மீது புகார் என்பது. என் பெயரைப் போடச் சொன்னார் அந்த அம்மா. நாத்தனார் என்னைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், மளமளவென்று தன் பெயரையே எழுதிப் படித்துக்காட்டினாள்.

“உன் பேரைக் கேக்கலம்மா. திட்டுனவ பேரைப் போடு.”

“அவ பேருதாம்மா இது. நானேதான் என்னைத் திட்டிக்கிட்டேன். அண்ணி பாவம்.”

சிரிப்பை அடக்கப் பார்த்த ஒரு கண்டக்டரின் வாயில் விசில் தானாகக் கூவியது. அதற்குமேல் யாராலும் முடியவில்லை. நாத்தனார் மேசையைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். நான் சிரித்த சிரிப்பில் என் கொண்டை அவிழ்ந்துவிட்டது. குடைக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அப்படியானால் புகாரை அடித்துவிடட்டுமா என்று நாத்தனார் கேட்டாள்.

“எதுக்கு அடிக்கணும்? யாரு திட்டுனா என்ன, திட்டு வாங்குனது நீதானே. நடவடிக்கை எடு.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐந்தாம் நடைமேடை எந்தப் பக்கம் என்று அவளிடமே கேட்டுக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு மாடிப்படி வரை நான் தள்ளிக்கொண்டு போய் விட்டேன். இரண்டாவது வரியிலேயே ஓர் ஊர்ப்பெயர் நாக்கில் புரண்டதாம். உள்ளேயிருந்து அந்தப் பொம்பளை ஆரம்பித்துவிட்டாளாம். அம்மா, உங்கள் மேல் ஒரு புகார் நிலுவையில் இருக்கிறது, கொஞ்சம் வெளியே உட்காருங்கள் என்று இவள் மனசுக்குள் சொல்ல, அதிகாரிகள் முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டதாம். அந்தச் சிரிப்பு மிச்சமிருந்த குரலிலேயே மறுபடி முதலிலிருந்து படித்தாள். அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். செய்தி வந்த அன்று லக்கேஜ் அறையில் நான் போட்ட ஆட்டத்துக்குப் பெட்டிகள்தான் சாட்சி.

புகார்ப் புத்தகத்தில், எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ற கட்டத்தில் அவள் எழுதியிருப்பது இது: “சம்பந்தப்பட்டவர் எச்சரிக்கப்பட்டார். இன்னும் அவ்வப்போது வருகிறார். கண்காணிப்பில் இருக்கிறார்.” மேலாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நேற்று நான் இரண்டு பெட்டிகளுக்குச் சீட்டை மாற்றிக் கட்டிவிட்டேன். ஒருவர் பெட்டி இன்னொருவரோடு பஸ் ஏறிவிட்டது. ஓடிப்போய் பஸ்ஸை மறித்து மீட்டுக்கொண்டு வந்தேன். மூச்சு வாங்க உட்கார்ந்தவள், கூறு கெட்டவளே, உனக்கெல்லாம் எதுக்கு வேலை என்று முணுமுணுத்திருக்கிறேன் போல. தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசை இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது.

“அண்ணி, யாரு அங்க உங்களைத் திட்டுறது? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”