கிணற்றுத் தீர்மானம்

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்றதாம். என் காலத்தில் கடலே எங்களிடம் சலித்துப்போய் விலகிவிட்டது. தண்ணீரில் கால் நனைக்க அரை மைல் சேற்றை மிதிக்க வேண்டும். சுங்கச் சாவடி போய், உப்பு ஆபீஸும் போய், மிச்சமிருந்த அதிகாரம் பஞ்சாயத்து போர்டு ஒன்றுதான். ஓட்டுக் கட்டிடம், ஏழு நாற்காலி. அறுபதுகளின் தொடக்கத்தில் அதில் ஒன்று எனக்கு வந்தது. நான் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

போர்டில் பெண் ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று புதுச் சட்டம். என் வீட்டுக்காரர் மலாயாவில். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். என் பேரைப் போட்டுவிட்டார்கள். ஆண்கள் கூடும் இடத்துக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் போகிற வழக்கமில்லை. அதனால் கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகம் என் வீட்டுக்கு வரும். பியூன் வாசலில் நின்று குரல் கொடுப்பார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்; போட்டால் நான் சம்மதித்ததாகக் கணக்கு.

தமிழ் எழுத்தில் எனக்கு அந்தக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். எங்கள் தெருப் பெண்கள் பலரைப் போல நானும் தமிழை அரபு எழுத்தில்தான் வாசிப்பேன், எழுதுவேன். மலாயாக் கடிதமும் அப்படித்தான் வரும். இப்போது எழுதுகிற இந்த எழுத்து பிறகு கற்றது. மெம்பர் ஆனபின் இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. பியூன் காதில் விழட்டும் என்று தாளை இரண்டு தரம் புரட்டி, "ம்ம்" போட்டு, அப்புறம்தான் பேனாவைத் தொடுவேன். அப்படி ஒரு வறட்டு ஜம்பம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கிணறு. எங்கள் கடற்கரைத் தெருவில் எங்கே தோண்டினாலும் உவர். பெண்கள் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு இரண்டு மைல் நடந்தார்கள். தெருவின் மேற்குக் கோடியில் மட்டும் நல்ல ஊற்று இருந்தது. அங்கே போர்டு கிணறு வெட்ட வேண்டும் என்று பிரசிடெண்டை வாசலுக்கே வரவழைத்து, கதவுக்குப் பின்னாலிருந்து சண்டை போட்டேன்.

"அடுத்த கூட்டத்துல வச்சிருவோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். இரண்டு தரம் சோறு குழைந்தது.

ஒருவழியாகப் புத்தகம் வந்தது. "ஒரே ஒரு தீர்மானந்தாம்மா. வாசிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றார் பியூன்.

கிணற்றுத் தீர்மானமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் என் குட்டு உடைந்துவிடும். தாளைப் புரட்டினேன், "ம்ம்" போட்டேன், கையெழுத்தும் போட்டேன். அன்றைக்கே தெரு முழுக்கச் சேதி சொல்லி, வீட்டுக்கு வீடு சர்க்கரை கொடுத்தனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து போர்டின் நாற்காலிகள் மாட்டுவண்டியில் ஏறி மேற்கே போயின. நான் கையெழுத்துப் போட்டது எங்கள் போர்டைப் பக்கத்து ஊரான மேற்கூர் போர்டோடு சேர்க்கிற தீர்மானத்தில். மூன்று பேர் வேண்டும் என்றும் மூன்று பேர் வேண்டாம் என்றும் நின்றிருக்கிறார்கள். என் கையெழுத்துதான் முடித்துவைத்தது. வேண்டாம் என்றவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடற்கரைத் தெருக்காரி இதற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்துவிட்டார்களாம். கிணற்றை மேற்கூரில் வெட்டினார்கள்.

தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். பியூன் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லத்தான் வாய் துடித்தது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள், அந்த மனிதர் வேலை போயிருக்கும். எப்படியோ அடக்கிக்கொண்டு, "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றேன்.

ஏசுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் ஏசவில்லை. மீன் விற்கிற ஒருத்தி மட்டும் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"எம் மக அஞ்சாங்கிளாசு படிக்கிறால்ல ராத்தா? ஒரு சத்தம் கொடுத்திருந்தா ஓடியாந்து வாசிச்சுக் காட்டிருப்பாளே."

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.