மைக்கில் இறங்கிய மலை

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. மழை பெய்தால் அவள் தூங்குவதில்லை. பாதுகாப்பான இடத்தில் காணி கொடுங்கள், வீடு கட்டிக்கொள்கிறோம் என்று தோட்டத்துச் சனம் அன்று வேலைக்குப் போகாமல் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தது.

நான் டிக்கோயாவில் வாத்தியார். கவிதை மொழிபெயர்க்கிற பைத்தியமும் உண்டு. ஒவ்வொரு எழுத்தாளரும் தன் ஊரில் எது பெரிதோ அதையே போராட்டத்துக்கு உவமையாக வைத்துவிடுகிறார், கவனித்திருக்கிறீர்களா? அந்த ஆராய்ச்சியில்தான் மாதக்கணக்கில் கிடந்தேன். "மத்த ஊருக்காரங்க என்னான்னு எழுதியிருக்காங்க, வாசிங்க சேர்" என்று, அங்கே போயிருந்த என் கையில் இளைஞர்கள் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

கடற்கரைச் சிங்களவர் ஒருவர் கூட்டத்தை அலை என்று எழுதியிருந்தார். வாசித்தேன்.

"கடலயே நாங்க டீவிலதான் சேர் பாத்திருக்கோம்!" என்று ஒருத்தி கத்த, ஒரே சிரிப்பு.

பாலைவன நாட்டுக்காரருக்குக் கூட்டம் மணற்புயல். அதற்குக் கொட்டாவிதான் விட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பனிமலை நாட்டுப் பெண் ஒருத்தியின் வரியை எடுத்தேன். இவர்களுக்குப் புரியட்டும் என்று பேச்சுத் தமிழிலேயே தொண்டை கிழியக் கத்தினேன்.

"மலை நகருது! மலை எறங்கி வருது!"

பின்வரிசைப் பெண்கள் துள்ளி எழுந்தார்கள். கைதட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்களோ புள்ளைக்காம்பராவை நோக்கி ஓடினார்கள். கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் அக்கா. சேலை தடுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள்.

"ஐயோ, கவிதைங்க! சும்மா கவிதைங்க!" என்று மைக்கிலேயே அலறினேன். யார் கேட்டது?

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தன் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். முழங்கை சிராய்த்து இரத்தம் வழிந்தது.

"ஒண்ணுமில்லக்கா. அந்த ஊர்ல சனம் தெரண்டு வர்றத அப்புடித்தான் எழுதுவாங்க."

"அவங்க எழுதட்டும்டா. நீயுமா?" என்றாள், மூச்சு வாங்க.

வெறும் கவிதைதான் என்று புரிந்ததும் கோயிலடியிலிருந்து மிச்சத்தையும் வாசிக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வா, போவோம் என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. லயத்துக்கு மேலே, மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போயி வாசி தம்பி. நான் இங்கனயே நிக்கிறேன்."