மோலி மீனுக்குக் கேன் தண்ணீர்

கல்யாணமாகி மூன்று வருடமாக, எங்கள் தூத்துக்குடி போர் தண்ணீரைத் திட்டாமல் என் கோயம்புத்தூர் மனைவிக்குப் பொழுது விடிந்ததில்லை.

போன வாரம் தொட்டியில் வளர்க்க ஆசைப்பட்டு நாலு மோலி மீன் வாங்கினாள். "இந்த உப்புத் தண்ணியில விட்டா செத்துப் போயிருமுங்க" என்று, நாங்கள் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரைத் தொட்டி நிறைய ஊற்றினாள்.

இரண்டே நாளில் நாலும் இரை எடுக்காமல், ஒரே இடத்தில் நின்று குளிரெடுத்தது போல நடுங்கின. இவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை வளர்ப்பு மீன் கடை அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"என்ன தண்ணி ஊத்துனீரு?"

"கேன் தண்ணி, அண்ணாச்சி."

தலையில் அடித்துக்கொண்டார். "சத்தெல்லாம் வடிகட்டுன தண்ணில மோலி எப்படிவே தெம்பா நீந்தும்? அதுக்கு உப்புதான் வேணும். உம்ம வீட்டு போர் தண்ணியவே கொஞ்சங் கொஞ்சமா மாத்தி ஊத்தும்."

அப்படியே தினமும் கொஞ்சம் மாற்றினேன். இன்று சாயங்காலம் நாலும் தீனிக்கு முட்டி மோதின.

இவள் தொட்டியை விட்டு நகரவே இல்லை. கடைசியில் சொன்னாள்: "பரவால்லைங்க, உங்க ஊருத் தண்ணிக்கும் ஆள் இருக்குது."

வேறு யாராவது இருந்தால் கமெண்டில் கை தூக்குங்கள். இப்போதைக்கு என்னையும் சேர்த்து ஐந்து பேர்.